நட்பின் மௌனம்

2000ஆம் ஆண்டு தெலுங்கில் வந்த ‘நுவ்வே காவாலி’, மலையாளத்தின் ‘நிறம்’ படத்தினுடைய மறுவாக்கம். 2001இல் தமிழில் ‘பிரியாத வரம் வேண்டும்’ ஆயிற்று. பிள்ளைப் பருவந்தொட்டு நட்புடன் வளர்ந்த இருவருள், தன் நட்பு காதலாய்க் கனிந்ததை உணர்ந்த இளைஞன், நட்புக் கெடுமென அஞ்சி வாய் மூடுகிறான். அவளோ வேறொருவனுக்கு நிச்சயிக்கப்படுகிறாள். இந்த மௌனம் தியாகமா?

வேலூர், ஆம்பூர்த் தோல் மண்டிகளை அறிந்த நாம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். ஆட்டின் மேனியில் முள் கீறிய வடு, மயிர் மூடிய பச்சைத் தோலில் புலப்படாது; பதனிட்டபின் பளிச்செனத் தெரியும். அறிந்தே அதை மறைத்து விற்றவன், கொள்ளவும் தள்ளவும் வாங்குவோனுக்குள்ள உரிமையைப் பறித்தவனாகிறான். காதல் குறையன்று, எனினும் அதை மறைத்த நண்பனும் தோழியின் உரிமையைத் தானே எடுத்துக்கொள்கிறான். அவளுக்காக அவனே முடிவு செய்துவிடுகிறான்.

காலந்தாழ்ந்து வெளிப்படும் உண்மையோ, குற்றமற்ற மூன்றாமவர் நெஞ்சையும் கீறுகிறது. சொல்வது வேறு, வற்புறுத்துவது வேறு. உரிய காலத்தில் ஒருமுறை சொல்லி, மறுப்பு வரின் அதையும் ஏற்று, பின்னரும் நண்பனாகவே நிற்பவன் எவனோ, அவனே நட்பெனும் அமானிதத்தைக் காத்தவன் என்போம்.