சும்மா கிடக்கும் நிலம்

நிலத்தைப் பற்றிப் பேசும்போது நாம் யோசிக்காமல் சொல்லிவிடுகிற ஒன்று, 'சும்மா கிடக்கிறது' என்பது. வீடு இல்லை, பயிர் இல்லை, கடை இல்லை என்றால் அந்த இடம் சும்மா கிடக்கிறது. சொன்ன கையோடு அதில் என்ன கட்டலாம் என்ற கணக்கும் தொடங்கிவிடும். ஜெர்மனியின் தலைநகரான பெர்லினுக்குப் போகும் பயணியை இந்தச் சொல்லைப் பற்றி மறுபடி யோசிக்க வைக்கிற இடம் ஒன்று உண்டு. டெம்பல்ஹோஃப் என்று பெயர். வீடுகள் நெருங்கிய நகரத்துக்குள் ஏறத்தாழ 300 ஹெக்டேர், ஏக்கர் கணக்கில் 740, ஒரே புல்வெளி. பழைய விமான நிலையம் அது. 2008 அக்டோபர் 30ஆம் தேதியோடு விமானங்கள் நின்றன. 2010 மே மாதம் வேலிக் கதவுகளைத் திறந்து, இனி இது பொதுப் பூங்கா என்றார்கள். பூங்கா என்றதும் பூப்பாத்தி, நீரூற்று, சிலை என்று எதிர்பார்த்துப் போகிறவருக்கு ஏமாற்றம்தான். கிட்டத்தட்ட 2 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தபடியே இருக்கின்றன. மேற்கு நோக்கிச் சென்ற விமானிகளுக்கு அந்தப் பாதைகளின் எண் 27. திசைமானியில் ஏறத்தாழ 270 பாகை, அதாவது மேற்கு. இப்போது அதே மேற்கைப் பார்த்துப் பிள்ளைகள் சைக்கிள் பழகுகிறார்கள், பெரியவர்கள் பட்டம் விடுகிறார்கள்.

பாதையை விட்டுப் புல்பக்கம் திரும்பினால் வானம்பாடி. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரிய, பழுப்புக் கோடு போட்ட பறவை. தரையில் அசையாமல் நின்றால் மண்கட்டி என்றே நினைப்போம். ஆண் பறவை பாட்டை எடுத்ததும் செங்குத்தாக மேலே ஏறும். வெறும் புள்ளியாகத் தெரியும் உயரத்தில் படபடவென்று சிறகடித்தபடி நின்று, இடைவிடாமல் நிமிடக்கணக்கில் பாடும். பெயர் வைத்த தமிழன் அண்ணாந்து பார்த்துத்தான் வைத்திருக்கிறான். ஆனால் கூடு இருப்பது வானத்தில் இல்லை, மரத்திலும் இல்லை. தரையில், புல்லடியில், ஒரு சின்னக் குழியில். அதனால் பக்கத்தில் உயரமாக எது நின்றாலும் அதற்குப் பயம். மரமும் மாடியும்தானே காக்கையும் பருந்தும் உட்கார்ந்து நோட்டமிடும் இடங்கள்? இங்கேதான் ஒரு வேடிக்கை. விமானத்துக்கும் வேண்டியது இதே வெட்டவெளிதான்: மரம் கூடாது, மாடி கூடாது, புல் கட்டுக்குள் இருக்கவேண்டும். இயந்திரத்துக்காகப் பல பத்தாண்டுகள் காத்த வெளி, யாரும் திட்டமிடாமலே பறவைக்கு வாய்த்துவிட்டது. அதே காலத்தில் வயல்கள் அதைக் கைவிட்டன. இலையுதிர் காலத்திலேயே விதைக்கும் கோதுமை, வசந்தம் முற்றுவதற்குள் நடக்க இடமில்லாமல் அடர்ந்துவிடுகிறது. பூச்சிமருந்து அடித்த நிலத்தில் குஞ்சுக்குக் கொடுக்கப் புழுவும் இல்லை. ஜெர்மனியின் பறவை ஆர்வலர்கள் 1998இலும் 2019இலும் வானம்பாடியை அந்த ஆண்டின் பறவையாக அறிவித்தார்கள். குறைந்துகொண்டே போகிறது என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

ஓடுபாதை ஓரத்துப் புல்லெல்லாம் இயற்கையா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கன்னிக்காடு இது கிடையாது. அப்படியே விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் மரக்கன்றுகள் எழும்பும், புல்வெளி புதராகும், வானம்பாடி இடத்தைக் காலி செய்யும். ஆகவே குஞ்சு பொரித்து முடிக்கும்வரை காத்திருந்து புல்லை வெட்டுகிறார்கள். கூடு கட்டும் மாதங்களில் சில பகுதிகளைத் தடுத்து வைக்கிறார்கள். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சினிமா நகைச்சுவையில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். நிலத்தைச் சும்மா வைத்திருப்பதற்கும் ஆள் வேண்டும், பணம் வேண்டும். மனிதக் கை பட்டதால் அது இயற்கை ஆகாது என்றால், மாடு மேய்ந்து மேய்ந்தே மேய்ச்சலாக நிலைத்த நம் ஊர்ப் பொட்டல்களையும் கணக்கிலிருந்து எடுக்கவேண்டியிருக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு வீட்டைப் பற்றியது. பெர்லினில் வாடகை ஏறிக்கொண்டே போகிறது. குடியிருக்க வீடு தேடி அலைகிறவரிடம் பறவையைக் காட்டினால் கோபம்தான் வரும்; அந்தக் கோபத்தில் தவறில்லை. நகர அரசு வைத்த திட்டமும் பேராசையாகத் தெரியவில்லை. நடுவில் பெரும்பகுதியைத் தொடமாட்டோம், ஓரங்களில் மட்டும் ஏறத்தாழ 4,700 குடியிருப்புகள், கூட ஒரு பெரிய நூலகம் என்றார்கள். 2014 மே 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் 64 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். ஓரம்தானே என்பது காகிதத்தில் சரி. ஆனால் ஓரத்தில் ஐந்தாறு மாடி எழும்பினால், உயரத்துக்கு அஞ்சும் பறவை அந்தச் சுவரிலிருந்து இன்னும் தள்ளிப் போகும். கட்டடம் உட்கார்ந்த இடத்தைவிட அது விழுங்கும் வெளி அதிகம். கோடையில் அந்த நிழலற்ற தரை தோசைக்கல்லாகக் காய்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் இரவில் அதே புல்வெளி சீக்கிரம் குளிர்ந்து, சுற்றியுள்ள தெருக்களுக்குக் குளிர்காற்றை அனுப்புகிறது. அந்தக் காற்றுக்கு வழி வேண்டும், வழியும் ஓரத்தில்தான் இருக்கிறது.

வீடு கட்டினால் நிலத்தின் பயன் ஒன்றாகத் தீர்மானமாகிவிடும். வெளியாக வைத்திருந்தால் என்ன பயன் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டெம்பல்ஹோஃபின் வரலாறே இதற்குச் சாட்சி. பிரஷ்ய மன்னர் காலத்தில் படை அணிவகுத்த திடல் அது. 1909இல் ஓர்வில் ரைட் அங்கே விமானம் ஓட்டிக் காட்டினார். அதன் விளிம்பில் நாஜிகள் ஒரு வதைமுகாம் நடத்தியதும் உண்டு. எல்லாப் பயனும் நல்ல பயன் என்று சொல்ல வரவில்லை. 1948 ஜூனில் சோவியத் படை மேற்கு பெர்லினுக்கான சாலையையும் ரயிலையும் நீர்வழியையும் அடைத்தபோது, 20 லட்சம் பேருக்கு மாவும் நிலக்கரியும் வானத்து வழியாக வந்தன. இறங்கிய தளங்களில் முதன்மையானது இது. முந்தைய நூற்றாண்டில் யாராவது அந்தத் திடலைச் சும்மா கிடக்கும் நிலம் என்று மனை போட்டிருந்தால் அந்த விமானங்கள் எங்கே இறங்கியிருக்கும்? 2015இல் போருக்குத் தப்பி வந்த அகதிகளுக்கு அதே நிலையத்தின் விமானக் கொட்டகைகள்தான் ஒதுங்க இடம் தந்தன.

கிழக்குப் பக்கத்தில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து ஒரு தோட்டம் போட்டிருக்கிறார்கள். மண்ணைத் தோண்டக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே பழைய பலகைகளை அடித்துப் பெட்டி செய்து, மண் கொட்டி, அதற்குள் காய்கறியும் பூச்செடியும் வளர்க்கிறார்கள். காலி செய் என்றால் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்ற கணக்கில் 2011இல் வைத்த தோட்டம். வாக்கெடுப்பில் வென்ற பிறகும் அது பெட்டியில்தான் இருக்கிறது.