டேப்பின் நுனியை எங்கே வைப்பது?

டாஸ்மாக் கடை எங்கே இருக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. மாநகராட்சி, நகராட்சிகளில் கோயிலிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மற்ற ஊர்களில் 100 மீட்டர். சிங்காநல்லூர் கோவை மாநகராட்சிக்குள் வருவதால் எங்களுக்கு 50. அந்த இடத்தை வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று நகரமைப்பு வரைபடத்தில் குறித்திருந்தால் அந்த 50 மீட்டரும் கிடையாது.

குடியால் கெடுவது யார்? குடிக்கிறவனின் ஈரல், அவனுடைய மனைவி, பிள்ளைகள். அவர்கள் வாழும் வீட்டிலிருந்து யாரும் அளக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அளப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அதே பிள்ளை சாயங்காலம் திரும்பி வரும் வீட்டுக்கு எதிரிலேயே கடை இருக்கலாம். கருவறைக்குள் இருக்கும் கல்லுக்குச் சாராயத்தால் என்ன கெடுதல் வரும்? அதற்குக் காவல் இருக்கிறது, உயிருள்ள பெண்ணுக்கு இல்லை.

வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலையோரம் மூடிய கடைகளுக்கு ஊருக்குள் இடம் தேடினார்கள். 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று பெண்கள் மறியல் செய்தார்கள். அவர்களில் ஒருவரைக் காவல் அதிகாரி கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அளவுகோல் சரியாகத்தான் வேலை செய்தது. சாலை தப்பித்தது, வீடு அகப்பட்டது.

இப்போது டேப்பின் மறுமுனைக்கு வருகிறேன்.

என் பெரியம்மா மில்லில் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்தவர். வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் பழக்கம். கடைசியில் கன்னத்தில் புற்று வந்தது. ராத்திரியில் கயிற்றுக் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துவிட்டது. "சாவுக்குப் பயமில்ல கண்ணு. இந்த நோவை மட்டும் யாராச்சும் நிறுத்துனாப் போதும்" என்பார். டாக்டர் மார்பின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். திருச்சி சாலையில் ஆறு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். "அதெல்லாம் நாங்க வெக்கறதில்லைங்க" என்றார்கள். ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். திரும்பும் வழியில் மதுக்கடையில் கூட்டம் நெரிந்தது. அங்கே யாரும் யாரையும் அப்படிப் பார்க்கவில்லை.

மார்பின் எடுக்கும் கசகசாச் செடி மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமத்தோடு விளைகிறது. ஆனாலும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்பின் நோயாளிக்கு எட்டாமல் போனது. ஒரே மருந்துக்குப் பல உரிமங்கள், மாநிலத்துக்கு மாநிலம் வேறு விதிகள். 2014இல் சட்டத்தைத் திருத்தி, மார்பின் உள்ளிட்ட ஆறு மருந்துகளை இன்றியமையாதவை என்று ஒரே விதிக்குள் கொண்டுவந்தார்கள். சட்டம் இளகியது. கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பயம் இன்னும் இளகவில்லை.

அடுத்து இந்த வரிசையில் நிற்பது கஞ்சா. அது எல்லா நோயையும் தீர்க்கும் என்பது மூடநம்பிக்கை. அதில் மருந்தே கிடையாது என்பதும் மூடநம்பிக்கைதான். புற்றுநோய் சிகிச்சையில் வரும் குமட்டலுக்கும், குழந்தைகளின் சிலவகைக் கடும் வலிப்புக்கும் அதன் வேதிப்பொருள்கள் உதவுகின்றன. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. 27க்கு 25 என்ற அந்த வாக்கெடுப்பில் நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் 1985 சட்டமும் மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

கலிபோர்னியாவில் கஞ்சாக் கடைக்குப் பள்ளியிலிருந்து பொதுவாக 600 அடி தூரம் வைத்திருக்கிறார்கள். அதோடு, மருத்துவக் கஞ்சாவை நோயாளியின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதை எந்த ஊராட்சியும் நகராட்சியும் தடை செய்யக் கூடாது என்று 2024 ஜனவரி 1 முதல் சட்டமாக்கியிருக்கிறார்கள். கடை விலகி இருக்கட்டும், மருந்து விலகக் கூடாது. இதுதான் அறிவுள்ள அளவை.

"மருந்து என்று சொல்லி ஊரெல்லாம் கஞ்சா பரவிவிடுமே?" என்று கேட்பீர்கள். நியாயமான கவலை. ஆனால் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கஞ்சா விற்கிறவன் டாக்டர் சீட்டு கேட்கிறானா? எத்தனை மீட்டர் என்று அளந்துவிட்டா வண்டியை நிறுத்துகிறான்? பிள்ளைகளைக் காப்பது சீட்டு, பதிவேடு, அளவு, வயது, கண்காணிப்பு. மருந்தை மறைத்து வைப்பதால் கள்ளச் சந்தை மூடிவிடாது. கட்டிலில் கிடக்கிறவர்தான் தவிப்பார்.

ஊருக்கு விதி எழுதும் ஐயாமாரே, அம்மாமாரே, நாளைக்கு இந்த மருந்துக்கும் விதி எழுத உட்காருவீர்கள். அன்றைக்கு டேப்பின் நுனியைக் கோயில் மதிலில் வைக்காதீர்கள். ராத்திரி முழுக்க ஒருத்தி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கட்டிலில் வையுங்கள். அங்கிருந்து மருந்துக்கு எவ்வளவு தூரம் என்று முதலில் அளந்துவிட்டு, பிறகு பேனாவை எடுங்கள்.