சைக்கிள் ஓட்டுவது துறவா?

ஆசையைப் பற்றித் திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் தனித்தனி இடங்களில் நிற்கின்றன. ஆசையை வேரோடு அறுக்கச் சொல்லும் ‘அவாவறுத்தல்’ 37ஆம் அதிகாரம்; துறவறவியலில் வருகிறது. பிறர் பொருளைக் கவர நினைக்காதே என்னும் ‘வெஃகாமை’ 18ஆம் அதிகாரம். அது இல்லறவியலில் இருக்கிறது. முன்னது துறவியின் பாடம். பின்னது சம்பாதித்துக் குடும்பம் நடத்தும் எல்லோருக்கும் உரியது. காரை வீட்டில் நிறுத்திவிட்டுச் சைக்கிளில் வகுப்புக்கு வரும் பேராசிரியரை இந்த இரண்டில் எதில் சேர்ப்பது?

ஊர் அவரைத் துறவியாகத்தான் பார்க்கிறது. ‘எளிமையான மனிதர்’ என்று பாராட்டிவிட்டுத் தன் வண்டியைக் கிளப்புகிறது. அந்தப் பாராட்டில் ஒரு வசதி இருக்கிறது: அவர் விதிவிலக்கு ஆகிவிட்டால், மற்றவர்கள் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வசதியைக் கலைத்தவர் இவான் இல்லிச். 1926இல் வியன்னாவில் பிறந்தவர், கத்தோலிக்கப் பாதிரியார், பின்னாளில் மெக்சிகோவின் குவெர்னவாக்காவில் இருந்துகொண்டு நவீன வாழ்க்கையின் அடிப்படைகளை விசாரித்தவர். 1970களின் தொடக்கத்தில் ஆற்றலையும் சமநீதியையும் பற்றி எழுதிய கட்டுரையில் அவர் ஒரு கணக்குப் போட்டார். அமெரிக்கர் ஒருவர் தன் காருக்காக ஆண்டுக்கு 1,600 மணி நேரம் கொடுக்கிறார். ஓட்டும் நேரம், நெரிசலில் நிற்கும் நேரம், பார்க்கிங் தேடும் நேரம் ஆகியவற்றோடு தவணை, பெட்ரோல், காப்பீடு, வரி ஆகியவற்றைக் கட்ட உழைக்கும் நேரமும் இதில் அடக்கம். இத்தனைக்கும் அவர் கடப்பது 7,500 மைல். வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஐந்து மைல்கூடத் தேறவில்லை.

இந்தக் கணக்குக்கு அடியில் இருக்கும் வாதம் இன்னும் கூர்மையானது. ஓர் எல்லைக்கு மேல் போகும் வேகம், ஒருவருக்கு மிச்சப்படுத்தும் நேரத்தை இன்னொருவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கார்களுக்காகச் சாலை அகலமாகும்போது, நடந்து வருபவர் கடக்க முடியாமல் ஓரத்தில் நிற்கிறார். ஒரு கார் அடைத்துக்கொள்ளும் இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள்கள் நிற்கலாம். வெஃகாமை பேசுவதும் இதைத்தான்: எது எனக்குரியது, எது பிறருக்குரியது என்ற கணக்கு.

சைக்கிளில் போவதால் உடம்பை வருத்திக்கொள்ளவும் வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த எஸ்.எஸ்.வில்சன் 1973இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் காட்டியபடி, ஒரு கிலோமீட்டரைச் சைக்கிளில் கடக்க, நடப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இதைத் தவம் என்பது பொருந்தாது.

இதைத் தனிமனித நற்குணமாக விடாமல் ஏற்பாடாக மாற்றிய ஊர் கலிஃபோர்னியாவின் டேவிஸ். 1960களில் அங்குள்ள பல்கலைக்கழகம் வேகமாக வளர்ந்தது. துணைவேந்தர் நிலையிலிருந்த எமில் மிராக், மரங்கள் நிறைந்த, சைக்கிளில் சுற்றக்கூடிய வளாகமாகவே திட்டமிடச் சொன்னார். வளாகத்துக்கு வெளியே பொருளியல் பேராசிரியர் ஃபிராங்க் சைல்டும் மனைவி ஈவும் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கண்ட சைக்கிள் பாதைகளைப் பற்றி ஊராரிடம் எடுத்துச் சொன்னார்கள். 1966 நகரமன்றத் தேர்தலில் சைக்கிள் பாதை ஒரு பிரச்சினையானது, ஆதரித்தவர்கள் வென்றார்கள். 1967இல் அமெரிக்காவின் முதல் சைக்கிள் தடங்கள் அங்கே சாலையில் கோடு போட்டு வரையப்பட்டன.

அந்த வளாகத்தின் சந்திப்புகளில் சைக்கிள்களுக்கென்றே ரவுண்டானாக்கள் உண்டு. ஒரு வகுப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் நான்கு திசையிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்கிறார்கள். சிக்னல் கிடையாது. உள்ளே சுற்றுபவருக்குப் புதிதாக நுழைபவர் வழிவிட வேண்டும் என்பதே விதி. வேகத்தைச் சற்றுக் குறைத்து, பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்து, இடைவெளி கிடைத்ததும் நுழைந்து, வலக்கையை நீட்டிவிட்டு வெளியேறுகிறார்கள். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும் வேகம் அது.

சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் மாணவர்களின் வாகனம் சைக்கிள்தான். புள்ளிமானும் வெளிமானும் குறுக்கே ஓடும் அந்தச் சாலைகளில் மாணவர்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நல்ல விதி. ஆனால் அது மாணவருக்கு மட்டும். ஆசிரியர்கள் காரில் போகலாம். குழந்தைகளைப் பள்ளியில் விடுவது, வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது என்று அதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. மாற்றுத்திறனாளிகளிடமோ முழங்கால் வலியோடு வருபவரிடமோ யாரும் மிதிக்கச் சொல்லவும் கூடாது. அவர்களுக்கு வண்டியும் இடமும் தாராளமாகக் கிடைக்க வேண்டும் என்பதும் இதே நீதியின் பகுதி.

இவற்றையெல்லாம் கழித்த பிறகும், உடல்நலத்தோடும் நேரத்தோடும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் குடியிருந்துகொண்டு காரில் வருபவர்கள் எல்லாக் கல்லூரிகளிலும் மிஞ்சுவார்கள். கேள்வி அவர்களுக்குத்தான். வேறு வழியில்லாதவர் சைக்கிளில் போனால் அது நிலைமை. வழியிருப்பவர் போனால் அது அறம். பல்கலைக்கழகங்களில் அந்த வழி அதிகம் இருப்பது ஆசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும். வகுப்பறையில் சுற்றுச்சூழலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர்கள், அந்த வகுப்புக்கு எப்படி வந்தோம் என்பதையும் பாடத்தின் பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும். நிர்வாகங்கள் முதலில் நிழலுள்ள ஒரு பாதையும், பூட்டி வைக்க இடமும், காற்றடிக்க ஒரு பம்பும் கொடுக்கட்டும். பிறகு துணைவேந்தரிலிருந்து அழைப்பைத் தொடங்கட்டும்.