கதை படிக்கும் ஆண்கள்

மண்ணூர்பேட்டையில் இருக்கும் பழைய பேப்பர் கடையில் உட்கார்ந்து புத்தகக் குவியலைக் கிளறுவது எனக்குப் பிடித்த வேலை. பங்குச்சந்தையில் சம்பாதிப்பது எப்படி, கோடீஸ்வரர்களின் காலைப் பழக்கங்கள் என்ற வகைப் புத்தகங்கள் அங்கே புதுமெருகு கலையாமல் கிடக்கும். முதல் இரண்டு அத்தியாயம் வரை பேனாவால் அடிக்கோடு இருக்கும். அதற்குப் பிறகு பிரித்த தடமே இருக்காது. குரூப் 4 கைடுகளும் அப்படித்தான். முதல் பக்கத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஆணின் பெயர். அதே குவியலில் ரமணிசந்திரன் நாவல்கள் முதுகு பிய்ந்து, மறுபடி தைக்கப்பட்டு, வாடகை நூலக முத்திரையோடு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறையோடு கிடக்கும். படித்துத் தீர்த்த புத்தகங்கள் அவை.

ஆண்கள் படிப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை. காலையில் டீக்கடையில் தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிக்கிறார்கள். ஆனால் புத்தகம் என்று வந்துவிட்டால் ஒரு கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: “இதப் படிச்சா என்னண்ணே கெடைக்கும்?”

அந்தக் கேள்வியை நான் மட்டமாக நினைக்கவில்லை. 1964-ல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டைதான் இந்தப் பகுதிக்குச் சோறு போடுகிறது. தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இங்கே ஓர் அறைக்கு நாலைந்து பேராகத் தங்கி, லேத்திலும் மோல்டிங்கிலும் ஷிப்ட் பார்க்கிறார்கள். கான்ட்ராக்ட் எப்போது முடியும் என்று தெரியாதவன், தூக்கத்தில் பிடித்த இரண்டு மணி நேரத்துக்குப் பலன் கேட்பது நியாயம். கைடு அவனுக்கு நிரந்தர வேலைக்கான வழி. முன்னேற்ற நூல்களும் நமக்குப் புதிதல்ல. அப்துற் றஹீமின் ‘வாழ்க்கையில் வெற்றி’யும் எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்க’ளும் கிராமத்திலிருந்து வந்த எத்தனையோ பேருக்குத் தைரியம் கொடுத்தவை. அந்த வகைப் புத்தகத்தை மட்டுமே ஆண் தனக்கு அனுமதித்துக்கொள்கிறான் என்பதுதான் என் வருத்தம்.

முன்பு இப்படி இல்லை. 1969-ல் தொடங்கிய ராணிமுத்து, ஒரு ரூபாய்க்கு ஒரு முழு நாவலைக் கையில் கொடுத்தது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. பிறகு ராஜேஷ்குமாரும் பட்டுக்கோட்டை பிரபாகரும் ரயில் நிலையக் கடைகளில் தொங்கினார்கள். ஆவடி ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் பாக்கெட் நாவலோடு உட்கார்ந்திருக்கும் ஆண் சாதாரணக் காட்சி. அது இலக்கியமா இல்லையா என்ற சண்டை எனக்கு வேண்டாம். மீசை வைத்த ஆள் கதை படிக்க வெட்கப்படவில்லை, அதுதான் பெரிது. இன்று வண்டி ஓட்டியபடி ‘பொன்னியின் செல்வ’னை ஒலிவடிவில் கேட்கும் டிரைவர்களைப் பார்க்கும்போது அந்தப் பசி அடங்கிவிடவில்லை என்று தோன்றுகிறது.

அந்தப் பசிக்குக் காரணம் இருக்கிறது. ஆண்கள் சேர்ந்து பேசும்போது கிரிக்கெட் வரும், அரசியல் வரும், வண்டிக்குக் கட்டும் தவணை வரும். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் திட்டியது வராது. அப்பாவின் முன்னால் நின்று பேச முடியாமல் போனது வராது. கதையில் வேறொருவன் அதையெல்லாம் பட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பக்கத்தில் போய் நிற்க யார் அனுமதியும் தேவையில்லை.

‘அசுரன்’ படம் வந்த 2019-ல், பக்கத்து அறைத் தம்பி ஒருவன் என்னிடமிருந்து ‘வெக்கை’யை வாங்கிப் போனான். பூமணி 1982-ல் எழுதிய நாவல், படத்துக்கு மூலம் அதுதான். கொலை செய்துவிட்டுத் தலைமறைவாகும் பதினைந்து வயதுப் பையனும் அவனுடைய அய்யாவும் காட்டில் ஒன்றாக அலைகிறார்கள், சமைக்கிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். வெகுநாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தவன் படத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “எங்கப்பா எங்கிட்ட இப்படி உக்காந்து பேசுனதே இல்லண்ணே. நானும் போய்ப் பேசுனதில்ல” என்றான். ஷிப்டுக்குக் கிளம்பும் வரை அப்பா பேச்சுதான். கிணறு வெட்டுகிறவராம். ஒரு விரல் கிடையாதாம். அத்தனை நாள் பழகியும் அவனுடைய அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அதுவரை எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்டவர்களுக்குப் புத்தகம் எங்கே கிடைக்கும்? நாம் கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது. ஆனால் அவர்கள் ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு வருவதற்குள் கிளை நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். தொழிற்பேட்டையை ஒட்டிய நூலகங்களாவது இரவு ஒன்பது, பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும். இதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

தூத்துக்குடியில் பொன். மாரியப்பன் தன் சலூனிலேயே நூலகம் வைத்திருக்கிறார். காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் படித்தால் கட்டணத்தில் தள்ளுபடி. ஆண்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் இடம் எது என்று அவர் சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார். எங்கள் தெரு சலூன்காரரிடமும் பேசினேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் அடுக்கு தருகிறேன் என்றார். கைடு வேண்டாம், அது எல்லோரிடமும் இருக்கிறது என்றேன். ‘வெக்கை’ இருக்கும். வேலை தேடிப் பம்பாய் போகும் இளைஞனைப் பற்றிய நாஞ்சில்நாடனின் ‘மிதவை’, இங்கே அறையெடுத்துத் தங்கியிருக்கும் பையன்களுக்காக. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ இரண்டு சகோதரிகளின் கதை, அதை ஆண்கள்தான் முதலில் படிக்க வேண்டும். “ராஜேஷ்குமார் இல்லாமயா?” என்று கேட்டார் சலூன்காரர். அவர் பங்குக்கு நாலு கிரைம் நாவல் வீட்டிலிருந்து கொண்டுவருகிறார்.