நோன்பும் பந்தியும்

ஈஸ்டர் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரும். அதற்கு முந்திய லெந்து என்னும் நோன்புக் காலம், இடையில் வரும் ஞாயிறுகளைக் கழித்தால், 40 நாள். மேற்கு நாடுகளில் அது பனி உருகித் துளிர் விடும் பருவம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளுக்கோ குளம் வற்றிப் பனை சுரக்கும் பருவம்.

இந்த நாட்களில் எங்கள் கோயிலில் கல்யாணம் நடப்பதில்லை. ஆல்டரில் பூ வைப்பதில்லை, ஊதாத் துணி விரித்திருப்பார்கள். பல வீடுகளில் கறி மீன் எடுக்கமாட்டார்கள். ஒருவர் காலைச் சாப்பாட்டை விடுவார், இன்னொருவர் காப்பியை விடுவார், இளைஞர்கள் சிலர் இப்போது செல்போனைத் தள்ளி வைக்கிறார்கள். வாரத்தில் ஒரு ராத்திரி தெருவாரியாக வீட்டு ஜெபக்கூட்டம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்காரப் பிள்ளைகளும் புத்தகத்தை மூடிவிட்டு வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து போகும்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஒருவருடைய நோன்பு நல்லபடியாக முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வது? உடம்பு இளைத்ததை வைத்தா, மனம் அடங்கியதை வைத்தா, ஒரு நாளும் தவறாமல் கூட்டத்துக்குப் போனதை வைத்தா? பல காலமாக எனக்குள் கிடக்கும் கேள்வி இது. நோன்பை அளக்க வேண்டிய இடம் பந்திதான் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். நான் விட்ட சோறு யாருடைய இலையில் விழுந்தது? அந்த இலைக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேனா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லையென்றால், 40 நாளும் நான் என்னோடேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்துச் சபைகளில் பலவற்றைக் கட்டியவர்கள் பனையேறிகள். மாசி பங்குனியில் பாளை சீவத் தொடங்கினால் ஆடி வரைக்கும் அவர்களுக்கு ஓய்வில்லை. விடியுமுன் ஏறி இறங்க வேண்டும், சாயங்காலம் மறுபடி ஏற வேண்டும். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கிய பதநீரை வீட்டுப் பெண்கள் விடிலி என்னும் குடிசையில் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். வெயிலுக்குள் அடுப்பு. அந்த உழைப்பு உச்சத்தில் இருக்கும் நேரத்தில்தான் லெந்து வரும். பனை ஓய்ந்த ஐப்பசி கார்த்திகையில் கஞ்சிக்கே பஞ்சம் என்றிருந்த குடும்பத்தைப் பார்த்து, இப்போது எதை விடப்போகிறாய் என்று கேட்க முடியுமா? விடுவதற்குக் கையில் ஏதாவது வைத்திருப்பவனிடம் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது. ஆகவே நோன்பு என்னும் பேச்சு எடுத்த எடுப்பிலேயே பங்கீட்டுப் பேச்சாகிவிடுகிறது.

வேதாகமத்தில் நோன்பைப் பற்றி மிகக் கடுமையாகப் பேசும் இடம் ஏசாயா 58. தலையைத் தொங்கப்போட்டுச் சாம்பலில் உட்காருவதைக் கடவுள் அங்கே ஏற்றுக்கொள்வதில்லை. பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்ந்துகொள்வதையும், ஒடுக்கப்பட்டவனை விடுவிப்பதையும்தான் நோன்பு என்று எடுத்துக்கொள்கிறார். பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் திருவிருந்தைப் பற்றிய பேச்சும் சாப்பாட்டுச் சண்டையில்தான் தொடங்குகிறது. கூடிச் சாப்பிட வந்த இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று குடிக்கிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படிச் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே இல்லை என்று பவுல் ஒரே போடாகப் போடுகிறார். அந்த அதிகாரத்தில் திருவிருந்து பற்றி அவர் சொல்லும் மற்றதெல்லாம் இந்தக் கோபத்துக்குப் பிறகுதான் வருகிறது. பெரிய வியாழன் ராத்திரி திருவிருந்துக்கு முழங்கால் போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோபம்தான் நினைவுக்கு வரும்.

நம் மண்ணிலும் சபையின் பெரிய சண்டைகள் பந்தியைச் சுற்றித்தான் நடந்திருக்கின்றன. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி இரேனியஸ், தாம் நடத்திய பள்ளியில் எல்லாச் சாதி மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று நின்றார். எதிர்ப்பு வந்தும் அவர் இறங்கிவரவில்லை. ஊரை விட்டு விரட்டப்பட்ட விசுவாசிகளுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்பு அமைக்க 1830இல் தர்ம சங்கம் தொடங்கியவரும் அவர்தான். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சாதியைச் சபைக்குள் வைத்துக்கொள்ளவே கூடாது என்று தென்னிந்திய மிஷனெரிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரும் வேப்பேரியும் கொந்தளித்தன. யாரோடு யார் உட்காருவது, கிண்ணத்தை யார் முதலில் வாங்குவது என்ற கேள்வியில் பலர் சபையை விட்டே போனார்கள். அருமையான கீர்த்தனைகளைத் தந்த தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரும் புதிய மிஷனெரிகளின் போக்கை எதிர்த்து எழுதினார். அவர் பாட்டைப் பாடி உருகாத தமிழ்ச் சபை இல்லை. உருகிப் பாடும் நாவுக்கும் பந்தியில் நகர்ந்து இடம் விடும் உடம்புக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதை அந்த வரலாறு சொல்கிறது. அந்தத் தூரத்தைக் குறைக்கத்தான் ஆண்டுதோறும் 40 நாள் நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

என் பெரியம்மா லெந்து காலத்தில் ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மற்றபடி அவர் எதை விட்டார், எதைத் தின்றார் என்று யாருக்கும் தெரியாது. நான் வாலிபனாக இருந்தபோது, இந்த வருஷம் கறி தொடமாட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். “அது சரிலே, பானையில ஒரு பிடி போட்டியா? அதச் சொல்லு மொதல்ல” என்றார். பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் அந்தப் பானை கோயிலுக்குப் போகும். அதுபோல நாலைந்து தெருப் பானைகள் சேரும்.

பெரிய வெள்ளி நடுப்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரைக்கும் மும்மணி ஆராதனை. வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாகக் கோயில் நிறைந்திருக்கும். சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளைப் போதகரான ஐயர் ஒருவரே பேசாமல், பள்ளிக்கூட ஆசிரியை, சபை ஊழியர், ஒரு வாலிபன் என்று ஆளுக்கொரு வார்த்தையாகத் தியானிப்பார்கள். வெளியே வந்தால் வேப்பமரத்தடியில் அந்தப் பானை அரிசிக் கஞ்சியும் துவையலும். அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவரும், செங்கல் சூளைக்குப் போகிறவரும், மகன் கைவிட்ட கிழவியும் அதே கஞ்சியை ஊதி ஊதிக் குடிப்பார்கள். லெந்து முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த ஆராதனை அந்தக் கஞ்சிதான். குறை சொல்ல எதுவுமில்லாத சாப்பாடு அது. யாரும் அதிகம் கொடுத்ததாகக் காட்டிக்கொள்ள முடியாது, யாரும் குறைவாக வாங்கியதாக நினைக்கவும் இடமில்லை.

ஈஸ்டர் விடியலில் மணி அடிக்கும், பிள்ளைகள் தெருத்தெருவாகப் பாடிப் போகும், கறிக்கடையில் கூட்டம் நெரியும். அதைப் பற்றி நான் அதிகம் எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வருகிற கோடை விடுமுறையைப் பற்றித்தான் பேச வேண்டும். விடுமுறை வேதாகமப் பள்ளியின் கைதட்டல் பாட்டுகள் ஒரு பக்கம் கேட்க, சென்னை, மும்பை, வளைகுடா என்று சிதறிப் போனவர்கள் ஊர் திரும்புவார்கள். பல ஊர்களில் அசனம் என்னும் சபை விருந்து வைப்பது அப்போதுதான்.

அசனத்துக்கு ஒவ்வொரு வீடும் வரி கொடுக்கும். அதற்கு மேல் அரிசி மூட்டை, ஆடு, தேங்காய், விறகு என்று காணிக்கை வந்து சேரும். ராத்திரி முழுக்க ஆண்கள் அண்டாக்களைச் சுற்றி நிற்பார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள். ஐயர் ஜெபம் பண்ணியதும் முதல் பந்தி. பக்கத்து ஊர் இந்துக் குடும்பங்களும் வந்து உட்காரும் இடங்கள் உண்டு. அவர்களில் காணிக்கை கொடுக்கிறவர்களும் உண்டு. இவ்வளவு அழகான ஒரு காரியத்தை நம் முன்னோர் நமக்கு விட்டுப் போயிருக்கிறார்கள்.

அதனால்தான் அதில் விழும் கீறல் எனக்கு வலிக்கிறது. சில ஊர்களில் பெரிய காணிக்கை கொடுத்தவர்களுக்கு மின்விசிறி போட்ட தனி அறை, மேஜை, நாற்காலி, எலும்பில்லாத கறி. மற்றவர்களுக்குப் பந்தல். படுத்த படுக்கையாகக் கிடப்பவருக்கு வாளியில் சோறு கொண்டுபோவது அன்பு. வரிசையில் நிற்க மனமில்லாமல் காரோட்டியை அனுப்பி வாளியை நிரப்பிக்கொள்வதை அப்படிச் சொல்ல முடியாது. இதைவிடப் பெரிய கீறலும் இருக்கிறது. ஒரே சாதிக்காரர் மட்டுமே உள்ள சபையில் ஒரே பந்தி என்பது கஷ்டமே இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனியில் அதே பேராயத்தின் இன்னொரு சபை இருக்கிறது, நம் அசனத்துக்கு அவர்கள் வருவதில்லை, அவர்கள் பண்டிகைக்கு நாம் போவதில்லை என்றால், கொரிந்துக்கு எழுதிய கடிதம் நம் விலாசத்துக்கும் வந்ததாகத்தான் பொருள். கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிச் சுவர் எழுப்பிய இடங்களும் இந்தத் தமிழ்நாட்டில் உண்டு. உயிர்த்தெழுதலைக் கொண்டாடுகிறவர்கள் அந்தச் சுவரை எப்படிப் பார்த்துக்கொண்டு போக முடிகிறது?

மாற்ற முடியாதது என்று இதை நான் நினைக்கவில்லை. 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கம் வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், இந்தச் சபைகளே தந்த காணிக்கையைக் கொண்டு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரை போய் ஊழியம் செய்தது. அவ்வளவு தூரம் போன கால்களுக்கு ரோட்டைக் கடப்பது பெரிய பயணம் இல்லை.

இந்தக் கோடையில் உங்கள் ஊரில் அசனம் என்றால், தேதி குறிப்பதற்கு முன் சபையின் சேகர மன்றத்தில் இரண்டு காரியங்களைக் கேளுங்கள். தனி அறை வேண்டாம், கொடுத்தவரும் கொடுக்காதவரும் ஒரே பந்தலில் உட்காரட்டும் என்று கேளுங்கள். காலனிச் சபையாரைச் சாப்பிட மட்டும் கூப்பிடாமல், முந்தின ராத்திரியே கூப்பிட்டு அவர்களோடு சேர்ந்து சமையுங்கள், அவர்கள் கையால் பரிமாறச் சொல்லுங்கள். அடுத்த பண்டிகைக்கு அவர்கள் ஊரில் போய் நீங்களும் அதே மாதிரி இலை எடுத்து உட்காருங்கள்.