தண்டனையா, நோயா?

தாமிரபரணி கடல் சேரும் புன்னக்காயலில் 16ஆம் நூற்றாண்டில் ஏழைகளுக்கென மருத்துவமனை தொடங்கியவர் இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார். நோய் கடவுளின் தண்டனை என்றால் மருத்துவமனை அந்தத் தீர்ப்பில் குறுக்கிடுவதாகிவிடும். ஆனாலும் எச்.ஐ.வி. என்றதும் பக்தர்கள் பலரிடம் அந்தப் பழைய எண்ணம் தலைதூக்குகிறது. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தபோது அது மரணச் செய்தி. இன்று தொடக்கத்திலேயே கூட்டு மருந்தைத் தொடங்கி நாள் தவறாமல் உண்பவர் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழ்கிறார். இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் நீடித்தால் உடலுறவு வழியே அவரிடமிருந்து தொற்று பரவுவதுமில்லை. 2004 முதல் அரசு இலவசமாகத் தரும் மாத்திரைக்குக் கட்டுப்படுவதை இறைவனின் தீர்ப்பு என்பது இறைவனையே சிறுமைப்படுத்துவது.

நடத்தை தவறி வந்த நோய்தானே என்பார்கள். கணவனிடமிருந்து பெற்ற மனைவியும் தாயிடமிருந்து பெற்ற சிசுவும் என்ன தவறினார்கள்? தவறியவரே ஆனாலும், பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இயேசு அந்தக் கணக்கையே ஏற்கவில்லை, குணப்படுத்தினார். அச்சம் போனால் ஒழுக்கமும் போய்விடும் என்பது அடுத்த வாதம். அச்சம் ஒழுக்கத்தைக் காத்ததோ இல்லையோ, பலரைப் பரிசோதனைக்கு வரவிடாமல் தடுத்தது. மருந்து எட்டாத உடலில்தான் வைரஸ் பெருகுகிறது, பிறருக்கும் பரவுகிறது. கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் பேசுபவர்களே, அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்பதை உங்கள் மக்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.