இருபத்து நான்கு நாள் முதல்வர்



2022-இல் பிரிட்டன் பிரதமரானார் லிஸ் ட்ரஸ். பெரிய வரிக் குறைப்பை அறிவித்தார். சந்தை ஆடிப்போனது, 49 நாளில் பதவியும் போனது. பிரிட்டனில் அவ்வளவு சீக்கிரம் வெளியேறிய பிரதமர் வேறு யாரும் இல்லை. நம் தமிழ்நாட்டிலோ, ஏறத்தாழ அதில் பாதி நாளே முதல்வராக இருந்தவர் ஒருவர் உண்டு: வி. என். ஜானகி.

வைக்கத்தில் பிறந்தவர். மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடி வந்த பாபநாசம் சிவன், இவருடைய தந்தையின் உடன்பிறந்தவர். 1949-இல் 'வேலைக்காரி', 1950-இல் எம்.ஜி.ஆருடன் 'மருதநாட்டு இளவரசி' என்று கதாநாயகியாகப் பேர் வாங்கினார். பின்னாளில் எம்.ஜி.ஆரை மணந்தார், திரையை விட்டும் விலகினார். அரசியல் மேடையிலும் அவரை யாரும் அதிகம் பார்த்ததில்லை.

1987 டிசம்பர் 24 அன்று, முதல்வராக இருந்த எம்.ஜி.ஆர். மறைந்தார். அவருடைய கட்சியான அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்தது. ஒரு பக்கத்தார் ஜானகியை முன்னிறுத்தினார்கள், மறுபக்கத்தார் ஜெயலலிதா பின்னால் நின்றார்கள். சட்டமன்ற உறுப்பினராகக்கூட இல்லாத அவர், 1988 ஜனவரி 7-இல் தமிழ்நாட்டின் முதல் பெண் முதல்வரானார். 28-ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. அவைக்குள் கைகலப்பு மூண்டது, போலீஸ் புகுந்து தடியடி நடத்தியது. 30-ஆம் தேதி ஆட்சி கலைக்கப்பட்டது. கணவரை இழந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த ஆண்டு தேர்தலில் கட்சியின் இரட்டை இலைச் சின்னம் முடக்கப்பட்டிருந்தது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா, ஜெயலலிதா அணிக்குச் சேவல். எம்.ஜி.ஆர். கடைசியாக வென்ற ஆண்டிப்பட்டியிலேயே ஜானகி தோற்றார்.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் இன்று நாம் யோசிக்க வேண்டியது. தனி அணியாகவே இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ராயப்பேட்டையில் கட்சித் தலைமை அலுவலகம் இருப்பதே அவர் கொடுத்த இடத்தில்தான். அதைச் சொல்லிக் காட்டியும் மல்லுக்கட்டியிருக்கலாம். அவரோ அரசியலை விட்டே ஒதுங்கினார். 1989 பிப்ரவரியில் இரு அணிகளும் இணைந்தன, இரட்டை இலையும் திரும்பக் கிடைத்தது. நாற்காலியில் அவரை உட்கார வைத்தவர்கள் வேறு, இறக்கியவர்கள் வேறு. விலகுவது என்ற முடிவு மட்டும் முழுக்க அவருடையது.

அடையாறு பக்கம் இன்றும் பலர் 'சத்யா ஸ்டுடியோ' என்று கேட்டுப் பேருந்தை விட்டு இறங்குகிறார்கள். எம்.ஜி.ஆருக்குச் சொந்தமாக இருந்த அந்த ஸ்டுடியோ இப்போது அங்கே இல்லை. எம்.ஜி.ஆர்., ஜானகி இருவர் பெயரையும் தாங்கிய மகளிர் கல்லூரி நடக்கிறது. 1996-இல் தொடங்கியது அது, ஜானகி மறைந்த அதே ஆண்டு. காலை நேரத்தில் அந்த வழியாகப் போனால், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டிபன் பையுமாக மாணவிகள் வாசலை நோக்கி ஓடுவதைப் பார்க்கலாம்.

ஜானகியின் அந்த விலகல் நமக்கும் பாடம். குடியிருப்புச் சங்கமோ, கோயில் கமிட்டியோ, குடும்பக் கடையோ, பொறுப்பு ஏற்கச் சொல்லி நம்மை வற்புறுத்த நாலு பேர் வருவார்கள். போதும் என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள், வந்தாலும் நமக்குக் கோபம்தான் வரும். விலக வேண்டிய நேரத்தை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். சாவியையும் கணக்கு நோட்டையும் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, மறுமாதமும் முகம் சுளிக்காமல் சந்தா கட்டுகிற உறுப்பினராக இருக்க முடிந்தால், நாம் வகித்த பதவிக்கு அதுவே மரியாதை.